கன்னி மூலைக்கு நாலு செங்கல்

கன்னிவாடி மலையடி வீட்டின் மொட்டைமாடியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அறிவுச்செல்வி கைப்பேசியை வானத்துக்குக் காட்டியபடி மெதுவாகச் சுற்றுகிறாள். சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ்ஷுக்கு எந்த இடம் தோது என்று செயலி காட்டுகிறது. தென்மேற்கே, கன்னி மூலையில், சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மலை மறித்துத் திரை சிவக்கிறது. வடகிழக்கே, ஈசானி மூலையில் மட்டும், கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் முழு நீலம். “இங்கதான் மாமா எடுக்கும். பக்கத்து வீட்டு வேம்பைத் தாண்டணும்னா, டிஷ் மாட்டுற கம்பம் நம்ம தொட்டியவிட ஒரு சாண் ஒசரமா நிக்கணும்.” மாமனார் பொம்மையன் முகம் சுளிக்கிறார். “கன்னி மூலைய விட ஈசானி மூலை ஒசரக் கூடாது தாயி. வீட்டுக்கு ஆகாது.” “நெட் சரியில்லேன்னா திங்கக்கிழமையிலருந்து சென்னை ஆபீசுக்கே வரச் சொல்லிட்டாங்க மாமா.” கீழே லேப்டாப்பில் யாரோ அவள் பெயரைத் துண்டு துண்டாகக் கூப்பிடுகிறார்கள். அவள் இறங்கி ஓடுகிறாள். “கேக்குதா? இப்பக் கேக்குதா?” என்ற அவள் குரல் மாடிக்குத் தெளிவாக வருகிறது. பொம்மையன் வேட்டியை மடித்துக் கட்டி, வீடு கட்டி மிஞ்சிய செங்கற்களை எடுத்துத் தொட்டியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். விரல்களை விரித்துச் சாண் பார்க்கிறார். இன்னொரு கல் வைக்கிறார். படிக்கட்டுப் பக்கம் குனிந்து குரல் கொடுக்கிறார்: “கன்னி மூலைய ஒசத்தியாச்சு தாயி. டிஷ்ஷ வரச் சொல்லு.”