நெற்றிப் பட்டை

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிற எல்லோருடைய நெற்றியிலும் ஒரு பட்டை இருக்கும். மனசு தையலை விட்டு விலகினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். பரிமளாவின் பட்டை ஒரு வாரமாக எரிந்துகொண்டே இருந்தது. அவள் வேலையோடு ஆன்லைனில் சட்டம் படிக்கிறாள். கை காலர் தைக்கும்போது மனசு பாடத்தை ஓட்டிப் பார்க்கும். பரீட்சை நெருங்கிவிட்டது; வேறு நேரம் ஏது?

சூப்பர்வைசர் குணசீலன் வந்து நின்றார். "படிப்பை விடும்மா, இல்லேன்னா வேலையை விடு. ஷிப்டுல உன் மனசும் கம்பெனிக்குத்தான்."

"தையல்ல குத்தம் இருந்தா காட்டுங்க சார்."

துணியைப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "நீயா சம்மதிச்சுத்தானே பட்டையை மாட்டிக்கிட்டே?" என்றார்.

"மாட்டலைன்னா வேலை இல்லைன்னீங்களே."

பரிமளா பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். உடனே அவளுடைய மெஷின் நின்றுபோனது. வெளியே போகச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பாடத்தை வைத்தாள்.

"மிரட்டி வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது," என்றது ஆசிரியையின் குரல்.

குணசீலன் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். பக்கத்து மெஷின் ரெஜினா எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"இருங்க சார்," என்றவள் பரிமளா பக்கம் திரும்பினாள். "அக்கா, அதை முதல்லேர்ந்து போடுங்க."