வேளைக்கு ரெண்டு மாத்திரை

"சத்தியமாச் சொல்றேன் டாக்டர், ஒரு வேளைகூட விட்டுப்போகல."

பேக்கரிக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இளம் பெண் டாக்டர் நம்பவில்லை. வழக்கமாக அவரைப் பார்க்கும் பெரிய டாக்டர் விடுப்பில் போயிருந்ததால் அந்த நாற்காலிக்கு அவள் வந்து சில நாள்தான் ஆகிறது. அதற்குள் இதே சத்தியத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டாகிவிட்டது.

"உங்களுக்கு வச்சது நல்லாப் பொருந்தின கிட்னி. இப்ப உங்க உடம்பு அதை யாரோ வேத்தாள்னு நினைச்சுச் சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டையை அடக்கற மருந்து ரத்தத்துல இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. மீதி எங்க போச்சு?"

பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்துப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள்.

"அவரை விடுங்க, என்னைக் கேளுங்க. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கறது நான்தான். இந்த மாத்திரைக்காகவே வெளியூர் ட்யூட்டி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாமத் துப்பிடறாரோ என்னவோ."

"கழிவறைக்குள்ள தாழ்ப்பாள் போட்டு ஒளிஞ்சவனையே வெளியில வரவழைச்சு டிக்கெட் கேக்கறவ நான். என்கிட்ட இவர் மாத்திரையை மறைச்சிடுவாரா? நாக்கைத் தூக்கிக் காட்டினாத்தான் இடத்தை விட்டு எழுந்திரிக்கவே விடுவேன்."

பேக்கரிக்காரர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். பழக்கதோஷம்.

டாக்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற விஷயமா இது? இப்படியே போனால் கிட்னி கையை விட்டுப் போய்விடும். மனிதர் மறுபடி டயாலிசிஸ் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

"ஐயா, ஒரு உயிர் தன் உடம்பைக் கிழிச்சு உங்களுக்குக் கொடுத்திருக்கு. அதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?"

"நல்லாக் கேளுங்க டாக்டர்," என்றாள் மனைவி.

பேக்கரிக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அந்த நன்றி எனக்கு இல்லாமலா டாக்டர்? மாத்திரை போட்டா மாவு பிசையற கை நடுங்குது, அப்பவும் நிறுத்தல. இவ உள்ளங்கையில வைக்கிறதை மறுபேச்சுப் பேசாம முழுங்கிடறேன்."

"வேற ஏதாவது நாட்டு மருந்து, பொடி, கஷாயம்?"

"அவர் கடை பன்னையே அவரைத் தொட விடறதில்ல. கஷாயம் எங்க இருந்து வரும்?" என்ற மனைவி கைப்பையைத் திறந்து காலி மாத்திரை அட்டைகளை மேசைமேல் கொட்டினாள். "நீங்களே பாத்துக்குங்க."

டாக்டர் எண்ணிப் பார்த்தாள். கணக்கு அச்சு அசலாகச் சரியாக இருந்தது. மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், தீர்ந்தும் இருக்கிறது. ஆனால் மனிதரின் ரத்தத்தில் பாதிக்கு மேல் இல்லை.

"சரி, பயப்படாதீங்க. நல்லவேளை, ஆரம்பத்திலேயே பிடிச்சுட்டோம். சில நாள் இங்கயே தங்கி மருந்து ஏத்திக்கிட்டா கிட்னியைக் காப்பாத்திடலாம். ஆனா வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இப்ப மாத்திரை நேரம்தானே? தினம் எப்படிக் கொடுப்பீங்களோ, அப்படியே கொடுங்க, பாக்கறேன்."

மனைவி கோட்டுப் பையிலிருந்து புது அட்டையை எடுத்தாள். ரெண்டு மாத்திரையைப் பிதுக்கினாள். ஒன்றைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். பிறகு இன்னொன்றைத் தன் வாயில் போட்டு, மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "ஏம்மா, அதை எதுக்கு நீங்க முழுங்கறீங்க?"

"பெரிய டாக்டர்தானே கிட்னிக்கு ரெண்டு மாத்திரைன்னு எழுதிக் கொடுத்தார்?" என்றாள் அவள் நிதானமாக. "நான் கொடுத்த கிட்னி ஒண்ணு அவர்கிட்ட இருக்கு, மிச்சம் ஒண்ணு என்கிட்ட இருக்கு."