மாணிக்கவாசகத்தின் துப்பாக்கி

கதவு தட்டப்பட்டபோது பாப்பம்மாள் அடுப்படியில் இருந்தாள். அவள் கணவர் மாணிக்கவாசகம் மட்டும், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி சலவைச் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் சிவப்புப் பட்டுத்துணி. அதன்மேல், இரும்புக் குழாயையும் கட்டில் காலையும் ராவி அவரே செய்த, குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் கைத்துப்பாக்கி.

உள்ளே வந்தவர் இன்ஸ்பெக்டர் மகேந்திரன். ஹனூர்க்காரர், தமிழ் பேசுபவர். பின்னாலேயே மண்டி மொஹல்லாத் தெரு முழுவதும் வாசலில் எட்டிப் பார்த்தது.

"இந்த வீட்டுல துப்பாக்கி செய்யறதா ஸ்டேஷனுக்குப் போன் வந்துது. இதுதானா?"

பாப்பம்மாள் பதறி ஓடிவந்தாள். "ஐயோ சார், அது பொம்மை! போன தசராவுக்கு எதிர்வீட்டு தீபா கொலுவுல வைக்கக் கேட்டா!"

"யாருடி பொம்மைன்னது? இது வெடிச்சா தசரா யானையே மிரண்டு ஓடும்!"

"சும்மா இருங்க, பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்க!"

"போடட்டும்! துப்பாக்கி செஞ்சு ஜெயிலுக்குப் போனான்னு தெருவே பேசட்டும்!"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவாமி, மருந்துக்கு நெருப்பு போற ஓட்டையே காணோமே. இது எப்படி வெடிக்கும்?"

வாசல் கொல்லென்று சிரித்தது. மாணிக்கவாசகம் பட்டுத்துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்கம்மா, இது கொலுவுக்குத்தான் ஆகும். ஆனா பொய்ப் புகார் கொடுத்து என்னை அலையவிட்டவனை மட்டும் சும்மா விடமாட்டேன்." இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்து, புகார் வந்த எண்ணுக்கு அடித்தார்.

மாணிக்கவாசகத்தின் சட்டைப்பையில் சுப்ரபாதம் பாடியது.

"இப்ப உள்ளே போடுங்க சார்," என்றாள் பாப்பம்மாள்.