தாழ இறங்கிய விளக்கு

"இவ்வளவு தாழ்வாவா சார்? நாற்காலியிலேருந்து எழுந்தா தலையில இடிக்குமே!" ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"பரவாயில்ல. இன்னும் ஒரு சாண் இறக்குங்க," என்றான் அவன்.

புதுச் சோபாவுக்கு இடைஞ்சலாக ஹால் நடுவில் கிடந்தது அப்பாவின் பழைய நாற்காலி. 'உள் ரூமுக்குப் போங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. புதுத் தொங்கு விளக்கில் நாலு தடவை தலை இடித்தால் அவரே போய்விடுவார் என்பது அவன் கணக்கு.

"மாமா பாவங்க. அவர்கிட்ட நேராவே சொல்லிடலாமே," என்றாள் மனைவி.

"சொன்னா மனசு நோகும். விளக்கே சொல்லட்டும்."

வெளியே போயிருந்த அப்பா திரும்பி வந்தார். நாற்காலிக்கு மேலே எரிந்த விளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தலையைக் குனிந்து பதமாக உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து உதடு அசைய ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"எதைப்பா?"

"எனக்குக் கண்ணு மங்கிப்போனதை. நீ கவலைப்படுவியேன்னுதான் சொல்லல. இத்தனை நாளா பேப்பரைச் சும்மா புரட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"படிக்க முடியாதவனுக்கு ஹால்ல என்ன வேலைன்னு, நாளைக்கு உள் ரூமுக்கே போயிடலாம்னு இருந்தேன்," என்றார் அப்பா. "எனக்காக இவ்வளவு யோசிச்சு மாட்டியிருக்கே. இனிமே இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன்டா."

"சரிப்பா," என்றான்.