பரீட்சை முடியட்டும்

எதிர் வீட்டு அக்காவுக்குக் கொஞ்ச நாளாக மண்டைக் குடைச்சல்.

தினமும் சாயங்காலம் ஒரு ஆள் வருகிறார். கையில் ஒரு பை. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டு மணியை அடிக்கிறார். உள்ளே போகும்போது மடிப்புக் கலையாத சட்டை, பேன்ட். கொஞ்ச நேரத்தில் வெளுத்துப்போன பழைய டீ ஷர்ட்டில் சோபாவில் சாய்ந்திருக்கிறார். அக்கா எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது, கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அப்புறம் மறுபடி சட்டை, மறுபடி பை, இறங்கிப் போய்விடுகிறார்.

அந்தப் பெண் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். அதிர்ந்து பேசாதவள். அக்கா இந்த மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். ஆனாலும் கேட்காமல் இருந்தால் சோறு இறங்காது போலிருந்தது. மாடிப்படியில் தனியாக மாட்டியபோது பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதேம்மா. நாலு பேர் குடியிருக்கிற இடம். தினம் வர்றாரே, அவர் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அப்புறம் ஏன் தினம் கிளம்பிப் போயிடறார்?"

"இப்ப வீட்டுக்காரர் இல்லைக்கா."

அக்காவுக்குத் தலை சுற்றியது. அவளைப் படியிலேயே உட்காரவைத்து, அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள்.

இருவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. யார் மேல் தப்பு என்பது நமக்கு வேண்டாம். அவர்களே அதை வருஷக்கணக்காகப் பேசி, முடிவுக்கு வராமல்தான் பிரிந்தார்கள். ஒரே மகள். வெளிநாட்டில் காலேஜில் முதல் வருஷம். தீர்ப்பு வந்த சமயம் பார்த்து அவளுக்கு மிட்-டெர்ம் பரீட்சை. இப்போது சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள், பரீட்சை முடியட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து சண்டை இல்லாமல் அவர்கள் எடுத்த முடிவு அநேகமாக இது ஒன்றுதான்.

மகள் தினமும் வீடியோ காலில் வருவாள். அப்பாவும் அம்மாவும் ஒரே சோபாவில் தெரிய வேண்டும். பஸ் டிரைவரான அவர், டூட்டி முடிந்ததும் நேரே இங்கே வந்து உடை மாற்றிக்கொண்டு உட்காருவார்.

கால் வருவதற்கு முன்னால் ஒத்திகை வேறு. காலையில் என்ன சாப்பிட்டோம், யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தோம், ஒழுகின குழாயை யார் சரி செய்தது. ஆளுக்கு ஒன்று சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே. இந்தச் சாக்கில், அவருக்கு முதுகு வலி அதிகமாகியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் ராத்திரியில் தூங்குவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்த காலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. கேமரா முன்னால் அவரை 'என்னங்க' என்று கூப்பிட்டுவிடுவாள். கேமரா அணைந்த பிறகு எப்படிக் கூப்பிடுவது? தொண்டையைச் செருமுவாள். டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவரும் புரிந்துகொண்டு திரும்புவார்.

பரீட்சை முடிந்தபாடில்லை. ஒரு பேப்பர் தள்ளிப்போனது. அப்புறம் இன்னொன்று. என்ன காலேஜோ, என்ன லட்சணமோ என்று அவர் சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டே மறுநாளும் வந்தார்.

ஒருவழியாகக் கடைசிப் பேப்பர் நாளும் வந்தது. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பேசிவைத்திருந்தார்கள். யார் ஆரம்பிப்பது என்பதில்தான் இழுபறி. அம்மா சொன்னால் தாங்கிக்கொள்வாள் என்றார் அவர். அப்பா சொன்னால்தான் அழமாட்டாள் என்றாள் அவள். அதற்குள் போன் அடித்தது.

மகள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"எப்படிம்மா எழுதினே?" என்றார் அப்பா.

"எழுதலைப்பா. இதையும் தள்ளிவெச்சுட்டாங்க. அடுத்த வாரம்தானாம்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவருக்குமே மூச்சு லேசானது. அது தெரிந்துவிடுமோ என்று இருவருக்குமே வெட்கமாக இருந்தது.

"பரவாயில்லடா. நிதானமாப் படி. நாங்க இருக்கோம்" என்றார் அவர்.

போனை வைத்ததும் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க."

கேமரா அப்போதே அணைந்திருந்தது. அவர் மெல்லத் திரும்பினார்.

"மழை விட்டதும் போகலாம். கொஞ்சம் உட்காருங்க."

எதிர் வீட்டு அக்கா தன் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

அங்கே, கடல் தாண்டி ஒரு ஹாஸ்டல் அறையில், மகள் அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைத்தோழிக்குப் பொறுக்கவில்லை.

"மிட்-டெர்ம் எப்பவோ முடிஞ்சாச்சு. ஒரு பேப்பர் ஃபெயிலும் ஆயிட்டே. அவங்க பிரிஞ்ச விஷயத்தைத்தான் உங்க சித்தப்பா பரீட்சைக்கு முந்தின நாளே உளறிட்டாரே. எல்லாம் தெரியும்னு சொல்லித் தொலையேன். இன்னும் எத்தனை பேப்பரைத் தள்ளிவைப்பே?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பரீட்சை முடிஞ்சுடுச்சுன்னு சொன்னா, நாளையிலேருந்து அப்பா வீட்டுக்கு வரமாட்டாருடி."