சேதி சேர்ந்தது

"சேதி கொண்டு வந்திருக்கேங்கம்மா."

வாசலில் நின்ற ஐயாவுவைப் பார்த்ததுமே மங்களாம்பிகையின் கையிலிருந்த முறம் நழுவிக் கீழே விழுந்தது. குத்தாலத்தில் அவளுடைய அண்ணன் ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. தலையில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாதீங்கம்மா. யாரும் தவறல. குத்தாலத்துலேருந்து சேதி ஒண்ணும் இல்ல."

அவள் மேல் தப்பில்லை. நீடாமங்கலத்தைச் சுற்றி எந்த ஊரில் யார் இறந்தாலும், வெளியூர் ஆட்களுக்கு நடந்து போய்ச் சொல்வது ஐயாவுவின் பரம்பரை வேலை. அவர் வருவது தெரிந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு தெரு வழியாகப் போகச் சொல்வார்கள். அந்த மனிதர் செய்த பாவம், நடந்து வந்து சொன்னது மட்டும்தான். அவர் பெயர் என்ன, எந்த ஊர், பிள்ளைகுட்டி உண்டா என்றுகூட யாரும் கேட்டதில்லை. சேதிக்காரர், அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் "சேதி சேர்ந்தது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவரை சேதிக்காரர் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, செத்தவர் யாராக இருந்தாலும் கண் கலங்கக் கூடாது.

போன வருஷம் ஐயாவு ஞானஸ்நானம் பெற்றார். "சுவிசேஷம்னா நல்ல சேதின்னுதான் அர்த்தம். காலமெல்லாம் சேதி சொன்ன ஆளு நீங்க. இதைச் சொல்ல மட்டும் என்ன கூச்சம்?" என்று உபதேசியார் கேட்டார். அன்றிலிருந்து டீக்கடை, களத்துமேடு, சிவப்புக் கொடிக் கம்பத்தடி என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார். இந்த ஒரு வாசல்தான் பாக்கி. இந்தத் தெருமுனை வரை வருவார், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், திரும்பிவிடுவார். இன்றைக்கு எப்படியோ வந்து நின்றுவிட்டார்.

"யாரது?" உள்ளே கட்டிலிலிருந்து அவள் கணவர் பஞ்சநதத்தின் குரல் கேட்டது. அறுபது ஏக்கர் நிலம் வைத்திருந்தவர். நெஞ்சுவலி வந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

"சேதிக்காரன். சாவு இல்லையாம்" என்றாள் மங்களாம்பிகை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சாவு இல்லாம இவன் வாயில வேற என்ன வரும்?"

முன்பெல்லாம் 'ஆண்டே' என்று குனிவார் ஐயாவு. ஆட்சி மாறிக் காலமும் கொஞ்சம் மாறியிருந்தது. துண்டு தோளிலேயே இருந்தது.

"நல்ல சேதிங்கய்யா. எல்லாரும் பண்ணின தப்பையெல்லாம் ஒருத்தர் தன் தலைமேல வாங்கிக்கிட்டாரு. அவரை அடிச்சு, சிலுவையில அறைஞ்சு கொன்னுட்டாங்க. சாகுற நேரத்துலயும், இவங்களை மன்னிச்சுடுன்னு அப்பன்கிட்ட கேட்டாரு. மூணாம் நாள் எழுந்தாரு. அந்த மன்னிப்பு நமக்கும் உண்டு. பயந்துக்கிட்டே கெடக்க வேணாங்கய்யா."

"இதுவும் சாவு சேதிதானே?"

"ஆமாங்க. சாவுல ஆரம்பிக்கிற நல்ல சேதி. அதனாலதான் எனக்கும் சொல்ல வந்துச்சு."

மங்களாம்பிகை பழக்கதோஷத்தில் ஒரு மரக்கால் நெல்லை அள்ளிக்கொண்டு வந்தாள். "வேணாம்மா. இந்தச் சேதிக்குக் கூலி கெடையாது" என்றார் ஐயாவு.

கட்டிலில் பஞ்சநதம் வாசல் பக்கமாகப் புரண்டு படுத்தார்.

"அன்னைக்கும் நீதானே வந்தே?" என்றார் பஞ்சநதம். "ஆஸ்பத்திரியில அந்தப் பையன் செத்துட்டான்னு சொன்னே."

"நான்தாங்க."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அறுவடையின்போது நடந்தது. நெல் கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே போட்ட அன்று களத்தில் அடிதடி. அறுப்புக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பையன் மண்டை உடைந்து விழுந்தான். அடித்தது பஞ்சநதத்தின் தடி. ஊருக்கே தெரியும். கோர்ட்டில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"கோர்ட்டு விட்டுடுச்சு. ஆனா கண்ணை மூடினா அந்தப் பையன்தான் தெரியறான். யாரு பெத்த புள்ளைன்னு அன்னைக்கு நான் கேக்கக்கூட இல்ல. இப்படியே போய்ச் சேர்ந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

"மன்னிப்பு இருக்குங்கய்யா."

"சாமி மன்னிக்கும், அது சாமி. பெத்தவன் மன்னிப்பானா?" பஞ்சநதத்தின் குரல் உடைந்தது. "ஊர் ஊரா நடக்கிறவன் நீ. அவன் அப்பன் எங்க இருந்தாலும் தேடிப் பிடி. நான் பண்ணினது பெரிய பாவம், என்னை மன்னிக்கணும்னு கேட்டேன்னு சொல்லு. இந்த ஒரு சேதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துடு."

யாரும் சொல்லாமலேயே ஐயாவு அந்த வாசற்படியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். மங்களாம்பிகை திகைத்துப்போய்ச் செம்பை நீட்டினாள். குடித்து முடித்ததும், மூன்று வருஷமாக அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எங்கயும் தேட வேணாங்கய்யா. சேதி சேர்ந்துச்சு" என்றார் கடைசியில். "பெத்தவன் மன்னிச்சுட்டேன்."