தினமும் ஒன்றரை மணி நேரம்

"பக்கத்துக் குடித்தனக்காரன் மோட்டார் போட்டு மொத்தத்தையும் இழுத்துண்டிருக்கான்க்கா. அதான் நமக்கு ஒரு சொட்டுகூட வரலை" என்றாள் ஹம்சா.

ஜெசிந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "யாரு அவன்? வீட்டக் காட்டு. நானே போய் கேட்டுக்கினு வரேன்."

"அவன் அமெரிக்கால இருக்கான்."

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால், பெரியப்பா ராஜகோபாலன் வீட்டு முன்னறையில்தான் ஹம்சாவின் வெப்சைட் கம்பெனி நடந்தது. அவள் செய்து தரும் சைட்டுகள் எல்லாம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டரில் வாடகைக்கு இருந்தன. அதே கம்ப்யூட்டரில், முகம் தெரியாத இன்னும் முந்நூறு குடித்தனங்கள்.

ஜெசிந்தா கொட்டிவாக்கத்தில் கணவாய் மீன் ஏற்றுமதி தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுடைய சைட் திடீர் திடீரென்று வெள்ளைத் திரையாகிவிடுகிறது. இப்போதும் அப்படித்தான்.

"சிங்கப்பூர்க்காரன் போன வாரமே பாத்தான் பாப்பா. வெறும் வெள்ளக் காயிதமா கீதாம். இன்னிக்கு அவன் ஊரு டைம் ஒண்ணரைக்கு மறுபடி பாப்பானாம். இல்லாங்காட்டி தூத்துக்குடிக்காரன்கிட்ட குடுத்துருவானாம். வெளிநாட்டுலேர்ந்து எனக்கு வர்ற மொத ஆர்டரு. மாதாவே!"

"அவருக்கு ஒண்ணரைன்னா நமக்குப் பதினொண்ணு." ஹம்சா கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

தான் எழுதிய கோப்புகளை எல்லாம் அழித்து மறுபடி ஏற்றிப் பார்த்தாயிற்று. அமெரிக்காவுக்கு மூன்று கடிதம் எழுதியாயிற்று. 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் சைட்டை உங்கள் புரோகிராமே மூடுகிறது' என்று மூன்று முறையும் ஒரே பதில். பாக்கி இருந்தது, அந்தக் கம்ப்யூட்டர் தானாக எழுதி வைக்கும் குறிப்பேடு மட்டும்தான்.

மோடம் இரைந்தது. குறிப்பேடு வரிவரியாக இறங்கியது.

"பெரியப்பா, இதைக் கேளுங்கோ. அமெரிக்கா நேரப்படி, ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டுலேர்ந்து ஒன்பதரை. செவ்வாய் விடியக்காலம் மூணரைலேர்ந்து அஞ்சு. வியாழன் ரெண்டுலேர்ந்து மூணரை. தெனம் வேற வேற நேரம், ஆனா கரெக்டா ஒன்றரை மணி. எந்த வைரஸ் இவ்ளோ ஒழுங்கா வேலை பார்க்கும்?"

"அவா ஊர்ல கரண்ட் கட்டா இருக்கும்" என்றார் ராஜகோபாலன், பேப்பரை விலக்காமல்.

"அங்கியுமா?" என்றாள் ஜெசிந்தா.

ஹம்சா கோப்புகளைத் துழாவினாள். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அதற்கு முன்னால் தானாக ஓடும்படி ஒரு சின்னக் கோப்பு அங்கே உட்கார்ந்திருந்தது. அது அவள் எழுதியது இல்லை. திறந்து படித்தாள்.

"யாரோ உள்ள புகுந்திருக்கான்! ஏழு நாளுக்கு ஏழு நேரம் போட்டிருக்கான். அந்த நேரம் வந்தா சைட் கப்சிப். அமெரிக்கா நேரத்தோட பதினொன்றரை மணி கூட்டி, நம்ம ஊர் நேரமா வேற மாத்தியிருக்கான். திங்கள் ஏழரைலேர்ந்து ஒன்பது... இன்னிக்கு, வெள்ளி, பத்தரைலேர்ந்து..."

அவள் குரல் தேய்ந்தது. மெல்லத் திரும்பினாள்.

"பெரியப்பா, இது ராகு காலம்."

ராஜகோபாலன் பேப்பரை மடித்து வைத்தார். முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. "ஆமாம். உன் பிஎச்பி புரோகிராம் புஸ்தகத்தை வச்சுண்டு நானே எழுதினேன். அந்தப் பதினொன்றரையைக் கூட்டறதுக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு. நீ பண்ணின பதினெட்டு சைட்டுக்கும் போட்டிருக்கேன்."

"பதினெட்டுக்குமா? வலியுல்லா பாய் செருப்புக் கடைக்குமா?"

"ராகு ஆள் பார்த்தா வருவான்?"

ஹம்சா அந்தக் கோப்பை அழித்தாள். பக்கத்தை மறுபடி கேட்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக, கடலிலிருந்து அப்போதுதான் எழுவதுபோல ஒரு கணவாய் வந்தது. முதலில் கொண்டை, அப்புறம் கண், அப்புறம் கால்கள். கடைசியில் ஆர்டர் அனுப்புவதற்கான கட்டம்.

"வந்துடுத்துக்கா!" ஹம்சா கத்தினாள். "அவர் பார்க்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. இனிமே இதை யாரும் மூட முடியாது!"

ராஜகோபாலன் எழுந்து கதவோரமாக ஒதுங்கினார். "நல்லதுன்னு நெனச்சுப் பண்ணினேம்மா. மனசுல வச்சுக்காதே."

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஹம்சாவின் தோளில் கை வைத்து, ரகசியம் போலச் சொன்னாள்:

"மொத ஆர்டரு பாப்பா... மூடிடு, பன்னெண்டுக்கு மேல தொறக்கலாம்."